கருணைத் தொகையும் நாடக வகுப்பும்

1

பள்ளிக்கூட நாடகம் என்றதும் நம்மில் பலருக்கு ஆண்டு விழா மேடைதான் நினைவுக்கு வரும். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ஒரு பையன், மையால் தீட்டிய மீசை, முன்வரிசையில் மாலையோடு தாளாளர். நானும் அப்படி ஒரு மேடையில் நின்றிருக்கிறேன், ஜாக்சன் துரையாக. எனக்கு வசனம் குறைவு. கட்டபொம்மன் கர்ஜிக்க வேண்டும், நான் திகைக்க வேண்டும். துரை ஏன் வரி கேட்டான், யாருக்காகக் கேட்டான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டோம்.

இப்போது கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் நாடகத்தின் மேல் வேறொரு பாரத்தை ஏற்றுகிறார்கள். நாடகம் பிறர் துன்பத்தை உணரக் கற்றுத் தரும். அகதி, பஞ்சம், போர், மாசு என்று உலகின் பிரச்சினைகளை வகுப்பறைக்குள் கொண்டுவரும். அதனால் குழந்தைகள் மேலான மனிதர்கள் ஆவார்கள் என்கிறார்கள். இது நல்ல நம்பிக்கைதான். ஆனால் இதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைச் சற்று நெருங்கிப் பார்த்தால், நம்பிக்கையின் ஒரு பாதியை அது உறுதிப்படுத்துவதும் மறுபாதியைக் கலைப்பதும் தெரியும். கலைகிற பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் அந்தச் சொல். பரிவு, ஒத்துணர்வு, உடனுணர்வு என்று நாம் எதைச் சொல்ல முயல்கிறோமோ அதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'எம்பதி' பழைய சொல் அல்ல. 1909இல் உளவியலாளர் டிட்ச்னர் செய்து வைத்தது. அதற்கு மூலமான ஜெர்மன் சொல் 'ஐன்ஃப்யூலுங்'. 1873இல் ராபர்ட் விஷர் அதை அழகியலில் பயன்படுத்தியபோது பேச்சு சக மனிதனைப் பற்றியதாக இல்லை, வடிவங்களைப் பற்றியதாக இருந்தது. பார்ப்பவன் தன் உணர்ச்சியை எதிரே நிற்கும் பொருளுக்குள் செலுத்தி, அந்தப் பொருளே உணர்வதாக எண்ணிக்கொள்கிறான். ஒரு தூணைப் பார்த்து அது பாரம் சுமப்பதாக நினைக்கிறோமே, அது. தூண் எதையும் சுமந்து வருந்துவதில்லை. வருத்தம் நம்முடையது. சொல்லின் இந்தப் பிறப்பை மறந்துவிடக் கூடாது என்று தோன்றுகிறது.

2

இங்கிலாந்தின் தெற்கே சஸெக்ஸ் பகுதியில் சாம்ப்டிங் என்று ஒரு கிராமம். அங்கே 1897இல் ஹாரியட் ஃபின்லே-ஜான்சன் என்ற பெண் தலைமையாசிரியையாக வந்தார். பிள்ளைகள் தேர்வில் ஒப்பிக்கும் அளவைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் அளந்து கொடுத்த ஏற்பாடு, 1862இல் தொடங்கியது, அப்போதுதான் செத்துக்கொண்டிருந்தது. வரலாறு, புவியியல், இலக்கியம் என்று பாடங்களைப் பிள்ளைகளையே நாடகமாக்கச் செய்தார் அந்த அம்மையார். பெரியவர்கள் பார்ப்பதற்கான நாடகம் அல்ல. பிள்ளைகளே செய்தி தேடி, பேச்சை எழுதி, கைக்குக் கிடைத்த பொருளை வைத்துக்கொண்டு ஆடியது. பார்வையாளர் வேண்டாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. 1910இல் அவர் பள்ளியை விட்டு விலகினார். பள்ளி ஆய்வாளராக இருந்த எட்மண்ட் ஹோம்ஸ் 1911இல் எழுதிய புத்தகத்தில், ஊர்ப் பெயரையும் ஆசிரியையின் பெயரையும் மறைத்து, அந்தப் பள்ளியை ஓர் இலட்சிய உலகமாகவே வரைந்து காட்டினார்.

இந்த ஊற்றிலிருந்து ஒரு நீண்ட மரபு ஓடியது. 1954இல் பீட்டர் ஸ்லேட் குழந்தையின் நாடகம் தனக்கென்று விதிகளுடைய ஒரு கலை, பெரியவர்களின் மேடைக்கு அது முன்பயிற்சி அல்ல என்று வாதிட்டார். 1967இல் பிரையன் வே இதையே ஒரு பயிற்சி முறையாக்கினார். அவர் புத்தகத்தின் தொடக்கத்தில் வரும் உதாரணம் பிரசித்தம். குருடர் என்றால் யார் என்று ஒரு குழந்தை கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். பார்வை இல்லாதவர் என்று சொல்வது ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு இந்த அறையிலிருந்து வெளியே போய்ப் பார் என்று சொல்வது மற்றொன்று. முதலாவது தகவல், இரண்டாவது அனுபவம். நாடகம் இரண்டாவதைத் தருகிறது என்பது அவர் வாதம்.

அழகான உதாரணம். இதில்தான் எல்லாத் தொல்லையும் இருக்கிறது. கண்ணை மூடித் தடவிக்கொண்டு போகும் குழந்தைக்குக் கிடைப்பது பார்வையுள்ள ஒருவனுக்குத் திடீரென்று இருட்டில் ஏற்படும் பயம். பார்வையற்ற ஒருவர் வருடக்கணக்கில் தன் காலாலும் காதாலும் பழக்கிக்கொண்ட உலகம் அதில் இல்லை. கோலைத் தட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குத் தினமும் போகிறவர் அறிந்த தெரு அதில் இல்லை. குழந்தைக்கு எப்போது வேண்டுமானாலும் கண்ணைத் திறக்கலாம் என்பது தெரியும். அந்த ஐந்து நிமிடம் முடிந்ததும் பார்வையற்றவர் மேல் இரக்கம் பிறக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த இரக்கம் யார் மேல்? தன் பயத்தை எதிரே இருந்தவருக்குள் செலுத்திவிட்டு, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மற்றவரை அறிந்துவிட்டதாக நிறைவு கொள்வது நடந்துவிடக் கூடும். விஷரின் தூண் மறுபடியும் நம் முன்னால் நிற்கிறது.

3

இதற்கு எதிர்த் திசையிலிருந்து ஒரு குரல் முன்பே எழுந்திருந்தது. பிரெக்ட் மேடையிலிருந்து விரட்ட முயன்றது இதே 'ஐன்ஃப்யூலுங்' என்ற சொல்லைத்தான். நம் பத்திரிகைகளில் பிரெக்டைப் பற்றி எழுதியிருக்கிறோம். பெரும்பாலும் அவருடைய பெரிய நாடகங்களைப் பற்றி. அவர் பள்ளிக்கூடங்களுக்காக எழுதியது அதிகம் பேசப்படுவதில்லை.

1930 ஜூன் 23 அன்று பெர்லினில் மாணவர்கள் ஒரு பள்ளி இசை நாடகத்தை நிகழ்த்தினார்கள். பெயர் 'ஆம் என்பவன்'. எழுத்து பிரெக்ட், இசை கர்ட் வைல். கதை ஜப்பானிய நோ நாடகமான 'தானிகோ'. அதை ஆர்தர் வேலி 1921இல் ஆங்கிலத்தில் தந்திருந்தார். அதிலிருந்து எலிசபெத் ஹாப்ட்மன் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். மூலத்தில் இறுதியில் சிறுவன் உயிர் பெறுகிறான். வேலியின் மொழிபெயர்ப்பில் அந்த முடிவு விடுபட்டுவிட்டது. சாவு மட்டும் பெர்லினுக்கு வந்து சேர்ந்தது.

நோயுற்ற தாய்க்கு மருந்து வாங்கிவர, ஆசிரியரின் குழுவோடு ஒரு சிறுவன் மலைப் பயணம் போகிறான். வழியில் அவனே நோயில் விழுகிறான். நோயுற்றவனைப் பள்ளத்தாக்கில் எறிந்துவிட்டுப் போவது வழக்கம். எறியும் முன் அவன் சம்மதத்தைக் கேட்பதும் வழக்கம். அவன் சம்மதம் சொல்வதும் வழக்கம். கேட்கிறார்கள். ஆம் என்கிறான். எறிகிறார்கள்.

பெர்லினின் தொழிலாளர் பகுதியான நாய்கோல்னில் கார்ல் மார்க்ஸ் பள்ளி என்று ஒன்று இருந்தது. பிரெக்ட் அந்தப் பள்ளியில் நாடகத்தைப் பிள்ளைகள் முன் வைத்து விவாதிக்கச் செய்தார். பிள்ளைகள் சிறுவனுக்காக அழுதார்களா என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவர்கள் சாவுக்குச் சொல்லப்பட்ட காரணத்தை எடுத்து எடை போட்டார்கள். வழக்கம் என்பது ஒரு காரணமா, அவன் ஏன் ஆம் என்று சொல்ல வேண்டும் என்று தயங்கினார்கள். பிரெக்ட் திருத்தினார். புதிய வடிவத்தில் பயணம் ஒரு ஊரையே பீடித்த கொள்ளைநோய்க்கு மருந்து தேடிப் போவதாக மாறியது. சாவுக்கு இப்போது ஒரு பொருள் உண்டு. கூடவே 'இல்லை என்பவன்' என்ற இரண்டாவது நாடகத்தையும் எழுதினார். அதில் சிறுவன் மறுக்கிறான். பழைய வழக்கத்தில் தனக்கு அறிவு எதுவும் தெரியவில்லை, புதிய நிலைமை ஒவ்வொன்றிலும் புதிதாக யோசிப்பதுதான் தனக்கு வேண்டிய வழக்கம் என்கிறான். எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார்கள். இரண்டும் சேர்ந்தே நிகழ்த்தப்பட வேண்டும் என்பது பிரெக்டின் விருப்பம். பிள்ளைகளின் ஆட்சேபங்களையும் அவர் நாடகத்தோடு சேர்த்து 1931இல் அச்சிட்டார்.

நாடக வரலாற்றில் இது அபூர்வமான சம்பவம். பள்ளிக்குப் பாடம் சொல்லப் போன நாடகம் பாடம் கேட்டுக்கொண்டு திரும்பியது. 1933இல் நாஜிகள் அந்தப் பள்ளியைக் கலைத்தார்கள். தலைமையாசிரியர் ஃப்ரிட்ஸ் கார்சன் பதவியிழந்து நாட்டை விட்டு வெளியேறினார். ஆம் என்று சொல்லப் பழகிய பிள்ளைகள் ஜெர்மனி முழுவதும் தேவைப்பட்ட காலம் அது. பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்கும் ஒரு பள்ளி அந்த ஆட்சிக்கு ஏன் உறுத்தியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

4

உணர்ந்தால் போதும் என்பது ஒரு கட்சி. உணர்ச்சியைச் சந்தேகி என்பது மற்றொரு கட்சி. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டவர், என் கணக்கில், டாரதி ஹீத்கோட். 1926இல் யார்க்ஷயரில் பிறந்து, பதினான்கு வயதில் கம்பளி ஆலையில் தறிக்குப் போனவர். பத்தொன்பதாவது வயதில் நாடகப் பள்ளியில் சேர ஆலை முதலாளியே பணம் கட்டினார். நாடகம் சரிப்படாவிட்டால் அவருக்காக மூன்று தறிகள் காத்திருக்கும் என்று சொல்லி அனுப்பினாராம். 1971இல் பி.பி.சி. அவரைப் பற்றி எடுத்த படத்துக்கு அந்த மூன்று தறிகளே தலைப்பு. ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லாமல், 1950இல் நியூகாஸிலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு வந்து, 1986 வரை அங்கேயே இருந்தார். 2011இல் காலமானார்.

அந்தப் படத்தில் சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்கள் சிலரிடம், எதைப் பற்றி நாடகம் செய்யலாம் என்று கேட்கிறார். போர்க் கைதிகளின் முகாம் என்கிறார்கள் அவர்கள். பூட்டிய இடத்தில் வாழ்கிற பிள்ளைகள் வேறு எதைச் சொல்வார்கள்? ஆசிரியை வெளியே நின்று உத்தரவு போடவில்லை. தானே ஜெர்மன் அதிகாரியாக உள்ளே வருகிறார். கைதிகளுக்குள் ஒரு ஒற்றன் இருக்கிறான். யாரை நம்புவது, காட்டிக்கொடுத்தவனை என்ன செய்வது என்ற கேள்வி பிள்ளைகளிடம் வந்து விழுகிறது. கைதியின் துயரம் எப்படி இருக்கும் என்று அவர் கேட்பதில்லை. இந்த நிலையில் நீ என்ன செய்யப் போகிறாய், அதன் விளைவு யார் தலையில் விழும் என்று கேட்கிறார். ஆட்டத்தை நடுவில் நிறுத்திப் பேச வைக்கிறார். மறுபடி தொடங்குகிறார். உணர்ச்சி அங்கே இருக்கிறது, ஆனால் வேலை செய்யும்போது வரும் வியர்வையைப் போல இருக்கிறது. அதைத் தேடி யாரும் போவதில்லை.

5

இனி கவென்ட்ரி. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டுவீசி அழித்த தொழில் நகரம். போருக்குப் பின் அங்கே எழுந்த நகராட்சி அரங்கத்துக்கு பெல்கிரேட் என்று பெயர். அதே போரில் அடிபட்ட யுகோஸ்லாவியத் தலைநகரம் அன்பளிப்பாக அனுப்பிய மரத்தை அரங்கத்தில் பதித்துக் கட்டி 1958இல் திறந்தார்கள். 1965இல் அந்த அரங்கம் நகராட்சிப் பணத்தில் ஒரு சிறு குழுவை அமர்த்தியது. நடிகர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஒருங்கே இருக்க வேண்டியவர்கள். ஒரு வகுப்பு, முப்பது பிள்ளைகள், அவர்களோடு ஒரு நிகழ்வு. முன்னும் பின்னும் வகுப்பு ஆசிரியர் தொடர்வார். பள்ளியில் கட்டணம் வாங்குவதில்லை. கல்வி நாடகக் குழு என்ற அமைப்பு அங்கே பிறந்து நாடு முழுவதும் பரவியது.

1973இல் சிறு குழந்தைகளுக்கு அவர்கள் செய்த 'பவ் வவ்' என்ற நிகழ்வில் ஒரு கௌபாய், கூண்டில் ஒரு செவ்விந்தியனை அடைத்துக் காட்சிக்குக் கொண்டு வருகிறான். ஆபத்தானவன் என்கிறான். அவன் இல்லாத நேரத்தில் குழந்தைகள் கூண்டுக்குள் இருப்பவனோடு பழகுகிறார்கள். அப்புறம் முடிவு செய்ய வேண்டியது அவர்கள்: திறப்பதா, கூடாதா? ஆறேழு வயதுக் குழந்தைகள். கௌபாயும் அவர்களுக்குப் பிடித்தமானவன்தான் என்பதில் நிகழ்வின் கூர்மை இருக்கிறது.

அதே ஆண்டுகளில் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்காக அவர்கள் மாசு பற்றி ஒரு நிகழ்வு செய்தார்கள். 'அரிய பூமி' என்று பெயர். அதன் ஒரு பகுதி 'பாதரசம் குடி'. ஜப்பானிய அரங்க பாணியில், மினமாட்டா விரிகுடாவின் மீனவக் குடும்பத்தைப் பற்றியது. 1976இல் புத்தகமாகவும் வந்தது. உலகப் பிரச்சினையைப் பள்ளி நாடகமாக்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதற்குக் காரணம் மினமாட்டாவின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அங்கே சிஸ்ஸோ என்ற ரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. மீனிலிருந்து பூனைக்கும் மனிதனுக்கும் அது ஏறியது. நடுக்கம், பார்வை குறுகல், பேச்சுக் குழறல், சாவு. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. தொற்றுநோய் என்று ஊரார் நோயாளிக் குடும்பங்களை விலக்கினார்கள். 1959இல் ஆலையின் சொந்த மருத்துவமனை டாக்டர் ஹோசொகாவா ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. அந்த முடிவு வெளியே வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி கொடுத்த பணத்துக்கு இழப்பீடு என்று பெயர் இல்லை. நலம் விசாரிக்கப் போகும்போது கொடுக்கும் பணத்தைக் குறிக்கும் சொல்லை வைத்தார்கள். இரக்கப் பணம். நோய்க்கு ஆலையே காரணம் என்று பின்னால் தெரிய வந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. அந்த ரசாயன உற்பத்தி 1968இல்தான் நின்றது. அதன் பிறகே அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது.

இரக்கம் இங்கே என்ன வேலை செய்தது என்று பாருங்கள். நோயாளியின் வாயை அடைத்தது. அனுதாபம் காட்டினேன், ஆகவே பொறுப்பைப் பற்றிப் பேசாதே என்றது. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் மினமாட்டாவின் குழந்தையாக நடித்து, கை நடுங்கி, கண் கலங்கி வீட்டுக்குப் போனார்கள் என்றால், அவர்கள் தந்ததும் ஒருவகை இரக்கப் பணம்தான். சில்லறை மனசாட்சி. யார் விட்டார்கள், யாருக்குத் தெரியும், தெரிந்தவர் ஏன் பேசவில்லை என்ற கேள்வி வரும்போதுதான் பள்ளி நாடகம் கல்வியாகிறது. அந்த டாக்டரை ஒரு பையன் நடிக்க வேண்டும். ஆலைச் சம்பளத்தில் பிழைக்கும் அண்டை வீட்டுக்காரனை ஒருத்தி நடிக்க வேண்டும். துன்பப்படுகிறவனாக நடிப்பது சுலபம், அதில் நம் நன்மை உறுதியாகிவிடுகிறது. உடந்தையாக இருந்தவனாக நடிப்பதில்தான் உள்ளே ஏதோ புரள்கிறது.

மினமாட்டாக்காரர்களே இதை அறிந்திருந்தார்கள். 1970 நவம்பரில் நோயாளிகள் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கி, வெள்ளை யாத்திரை உடை அணிந்து, ஓசகாவில் நடந்த நிறுவனப் பங்குதாரர் கூட்டத்துக்குள் போனார்கள். அவர்கள் கேட்டது பணத்துக்கு முன்னால் ஒரு முகம், எதிரே நின்று பதில் சொல்கிற ஒரு முகம். அதை நாடகம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குத்தான் மரியாதை.

6

1988இல் இங்கிலாந்தில் வந்த கல்விச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தை வகுத்தது. இசைக்கும் ஓவியத்துக்கும் அதில் தனி இடம் கிடைத்தது. நாடகம் ஆங்கிலப் பாடத்துக்குள் ஒரு மூலைக்குப் போனது. உள்ளூர் நிர்வாகத்தின் கையிலிருந்த பணம் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இலவசமாக வந்துகொண்டிருந்த குழுக்கள் தம்மை விற்க வேண்டியதாயிற்று. பல குழுக்கள் தொண்ணூறுகளில் மறைந்தன. எஞ்சியவை பலவும் போதைப் பழக்கம், சாலைப் பாதுகாப்பு என்று பணம் தருகிறவர் சொன்ன செய்தியைச் சுமந்து போயின. நாடகம் மறுபடியும் ஒரு பதிலோடு பள்ளிக்குப் போனது. கூண்டின் முன் பிள்ளைகளை நிறுத்தி முடிவை அவர்களிடமே விட்டுவிடும் துணிச்சலுக்குக் காசு கொடுப்பவர் குறைவு.

மினமாட்டா நமக்குத் தூரம் அல்ல. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த ஒரு வெப்பமானி ஆலையை பாண்ட்ஸ் நிறுவனம் எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நிறுவியது. பின்னால் அது ஹிந்துஸ்தான் லீவரிடம் வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடை ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலம் கெட்டதற்கு ஆலை காரணமல்ல என்பதே நிறுவனத்தின் நிலை. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக உடன்பாடு ஏற்பட்டுப் பணம் தரப்பட்டது. நம் அலுவலகத் தமிழில் அந்த வகைப் பணத்துக்கு உள்ள பெயர் கருணைத் தொகை. 1959இல் ஜப்பானில் எழுதப்பட்ட சொல்லும் இதுவும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல இருக்கின்றன. இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல. ஆனால் அந்தப் பெயர் என்னைத் தூங்கவிடவில்லை.

நம் பள்ளிகளில் நாடகம் வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும். கருணையைப் பாடமாக வைக்காதீர்கள். அது வரும், வராமலும் போகும். அதற்கு மதிப்பெண் போட முடியாது. ஒரு வெப்பமானியை மேசை மேல் வைத்துவிட்டு, இது யார் கை வழியாக வந்தது என்று தொடங்குங்கள். பிள்ளைகள் தொழிலாளியாகவும் மேற்பார்வையாளராகவும் மருத்துவராகவும் பழைய இரும்புக் கடைக்காரராகவும் பிரிந்து நிற்கட்டும். எங்கே நிறுத்துவது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும்.

ஜாக்சன் துரையாக நின்ற எனக்கு அன்று யாரோ ஒருவர் நடுவில் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். துரை, உமக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், இந்த வரியை வாங்காமல் போனால் உமக்கு என்ன ஆகும் என்று கேட்டிருக்கலாம். என்னிடம் பதில் இருந்திருக்காது. மீசை கலைய, மேடையில், கட்டபொம்மனுக்கும் தாளாளருக்கும் நடுவே, நான் முதல்முறையாக யோசித்திருப்பேன்.